ஏதென்ஸிலிருந்து ஒரு நாள்: எந்தப் போர்க்களத்துக்குப் போவது?

ஏதென்ஸில் தங்குபவர்களுக்கு முதல் இரண்டு நாள் தானாகவே நிரம்பிவிடும். அக்ரோபோலிஸ், அதன் அடிவாரத்து அருங்காட்சியகம், பிளாக்கா தெருக்கள், தேசியத் தொல்லியல் அருங்காட்சியகம். அடுத்த நாளுக்குத்தான் யோசனை வேண்டியிருக்கிறது. தனியாக ஒரு காரை அமர்த்திக்கொண்டு பழைய கிரேக்கப் போர்க்களம் ஒன்றைப் பார்த்து வரலாம் என்று நினைப்பவர் முன்னால் ஐந்து பெயர்கள் வந்து நிற்கும்: மராத்தான், தெர்மோபிலே, பிளாட்டேயா, கைரோனியா, சலாமிஸ். ஐந்துமே காலையில் கிளம்பி இரவுக்குள் திரும்பக்கூடிய தூரம்தான். ஆனால் ஒரு நாளில் ஒன்றைத்தான் உருப்படியாகப் பார்க்க முடியும்.

புகழை வைத்து முடிவெடுத்தால் பெரும்பாலோர் தெர்மோபிலேக்குத்தான் வண்டியைத் திருப்புவார்கள். எல்லாருக்கும் அது சரியான தேர்வு என்று நான் நினைக்கவில்லை. போர்க்களம் என்பது கடைசியில் ஒரு வெற்று நிலம். கோயிலைப் போல நின்று தன் கதையைத் தானே சொல்லாது. அந்த நிலத்தைப் பேசவைக்க இரண்டு துணை வேண்டும். மடிந்தவர்களின் கல்லறை அங்கேயே இருக்க வேண்டும். அந்த மண்ணிலிருந்து எடுத்த பொருள்களை அன்றே பக்கத்து அருங்காட்சியகத்தில் பார்க்க முடிய வேண்டும். களமும் கல்லறையும் கண்ணாடிப் பெட்டியும் ஒரே நாளில் சேர்ந்தால்தான் 2500 ஆண்டுப் பழைய ஒரு காலைப்பொழுது கொஞ்சமாவது பிடிபடும். ஐந்து இடங்களையும் இந்த அளவுகோலால்தான் அளக்கப்போகிறேன். கூடவே, சாலையில் கழியும் நேரத்தையும்.

மராத்தான்

முதல்முறை போகிறவருக்கு இதைத்தான் சொல்வேன். ஏதென்ஸிலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர். நெரிசல் இல்லையென்றால் காரில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. காலை ஒன்பது மணிக்குக் கிளம்பினாலும் பதற்றமில்லாமல் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு மாலைக்குள் விடுதிக்குத் திரும்பிவிடலாம். சிறு பிள்ளைகளையோ முழங்கால் வலிக்கும் பெரியவர்களையோ அழைத்துப்போகிறவர்களுக்கு வேறு யோசனையே வேண்டாம்.

கி.மு. 490. பாரசீகப் பேரரசர் தாரியஸ் அனுப்பிய படை, தாத்திஸ், அர்த்தாஃபெர்னஸ் ஆகிய இருவர் தலைமையில் மராத்தான் கரையில் இறங்குகிறது. எதிரே நின்றவர்கள் ஏதென்ஸ் குடிமக்கள். உதவிக்கு வந்த ஒரே ஊர் பிளாட்டேயா. ஏதென்ஸ் தளபதி மில்டியாடஸின் திட்டப்படி, பாரசீகரின் அணி நீளத்துக்கு ஈடாகத் தங்கள் அணியையும் நீட்டினார்கள். நடுப்பகுதி மெலிந்தது, இரு சிறகுகளும் தடித்தே இருந்தன. நடுவில் பாரசீகர்கள் உடைத்துக்கொண்டு உள்ளே வர, வென்ற இரு சிறகுகளும் உள்பக்கம் திரும்பி அவர்களை நெருக்கின. தப்பி ஓடியவர்கள் கப்பல்களையும் சதுப்பு நிலத்தையும் நோக்கி ஓடினார்கள். ஏதென்ஸ் பக்கம் இறந்தவர்கள் 192 பேர், பாரசீகர் பக்கம் 6400 என்று பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். இரண்டாவது எண்ணை ஐயத்தோடு பார்க்கலாம். முதல் எண் அப்படியில்லை. அந்த 192 பேரின் பெயர்களும் கல்லில் வெட்டப்பட்டு அவர்களின் கல்லறைமேல் நின்றன, கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் பௌசானியாஸ் என்ற பயணி அந்தக் கற்களை நேரில் பார்த்திருக்கிறார்.

அந்தக் கல்லறைதான் சோரோஸ் என்று வழங்கும் மண்மேடு. உயரம் ஏறக்குறைய 9 மீட்டர், குறுக்களவு 50 மீட்டர். போரில் இறந்தவர்களின் எலும்புகளை ஏதென்ஸுக்குக் கொண்டுவந்து ஊருக்கு வெளியே அடக்கம் செய்வதுதான் அந்நகரின் வழக்கம். மராத்தானில் இறந்தவர்களை மட்டும் அவர்கள் விழுந்த இடத்திலேயே எரித்து, அங்கேயே மேடு எழுப்பினார்கள். 1890-91இல் வலேரியோஸ் ஸ்தாயிஸ் இதைத் தோண்டியபோது சாம்பலும் எரிந்த எலும்பும் கரும்பூச்சு ஓவியம் தீட்டிய சிறு எண்ணெய்க் குப்பிகளும் கிடைத்தன. வழக்கத்தை மீறி வீரனை விழுந்த மண்ணிலேயே நிறுத்துவது எத்தகைய மரியாதை என்பது நடுகற்களை அறிந்த நமக்கு விளக்காமலே புரியும்.

மேட்டைச் சுற்றிலும் ஒலிவ மரங்கள். பக்கத்திலேயே கவசம் அணிந்து ஈட்டி பிடித்து நிற்கும் வீரன் ஒருவனின் புடைப்புச் சிற்பம் இருக்கும். அது அரிஸ்டியோன் கல்லறைக் கல்லின் பிரதி. மூலம் ஏதென்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முந்தைய நாளே அங்கே போய் மூலத்தைப் பார்த்துவிட்டால் நல்லது.

அடுத்து வ்ரானா கிராமத்து அருங்காட்சியகம். சோரோஸிலிருந்து காரில் சில நிமிடம். 1975இல் திறந்தது, அளவில் சிறியது. ஒரு மணி நேரத்தில் முழுவதையும் நிதானமாகப் பார்க்கலாம். இங்கே நான் முதன்மையாகச் சொல்வது வெற்றித் தூணின் தலைப்பகுதியை. பாரசீகர் அதிகம் மடிந்த இடத்தில் ஏதென்ஸ் மக்கள் அயோனியப் பாணியில் ஒரு பளிங்குத் தூண் நிறுத்தினார்கள். பிற்காலத்தில் அது இடிந்து, கற்கள் ஒரு கோபுரத்தின் சுவரில் சேர்ந்துவிட்டன. மீட்கப்பட்ட மூலத் துண்டுகள் இந்த அருங்காட்சியகத்தில் உள்ளன. பழைய இடத்தில், மெசோஸ்போரிட்டிசா தேவாலயத்தருகே, பிரதித் தூண் நிற்கிறது. அங்கேயும் ஓட்டுநரை வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள். அதே பக்கத்தில்தான் 1880களில் ஜெர்மன் அதிகாரி ஒருவர் திராட்சைத் தோட்டத்தில் ஒழுங்கில்லாமல் குவிந்த மனித எலும்புகளைக் கண்டதாகக் குறித்து வைத்தார். பாரசீகரை ஒரு பள்ளத்தில் தள்ளி மூடியிருக்க வேண்டும், கல்லறை எதுவும் தன் கண்ணில் படவில்லை என்று பௌசானியாஸும் எழுதியிருக்கிறார். வென்றவர்களுக்கு மேடும் பெயர்க்கல்லும். தோற்றவர்கள் எங்கோ தொலைவிலிருந்து, ஆசியாவின் பல மூலைகளிலிருந்து வந்தவர்கள். அவர்களுக்கு ஓர் அடையாளமும் இல்லை. அந்தத் தோட்டங்களின் ஓரம் நிற்கையில் அவர்களையும் ஒரு நிமிடம் நினைப்பது நியாயம்.

அருங்காட்சியகத்தின் பக்கத்திலேயே பிளாட்டேயர்களின் கல்லறை என்று ஒரு மேடு இருக்கிறது. 1970இல் அகழ்ந்த ஸ்பிரிடோன் மரினாட்டோஸ் அப்படி அடையாளம் சொன்னார். ஆய்வாளர் பலர் அதை ஏற்கவில்லை. அங்கே அடக்கமானவர்களுள் ஒரு சிறுவனும் உண்டு என்பது அவர்கள் எழுப்பும் ஐயங்களில் ஒன்று. நல்ல வழிகாட்டி என்றால் இரு பக்க வாதத்தையும் சொல்வார். ஐயமே இல்லாததுபோல் சொல்லிக் கடந்துபோகிறவர் அவ்வளவாகப் படித்தவர் இல்லை.

இந்த அருங்காட்சியகத்தில் ஒசிரிஸ், ஐசிஸ் சிலைகளைக் கண்டதும் சிலர் திகைப்பார்கள். மராத்தானில் பிறந்து ரோமானியப் பேரரசின் பெருஞ்செல்வர்களில் ஒருவரான ஹெரோடஸ் அட்டிக்கஸ், கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் பக்கத்து பிரெக்ஸிசாவில் எகிப்தியத் தெய்வங்களுக்கு ஒரு கோயில் எழுப்பினார். சிலைகள் அங்கிருந்து வந்தவை. மராத்தான் கல்லறைமேல் நின்ற பெயர்க்கற்களில் ஒன்று, எரெக்தெயிஸ் குலத்தாரின் பெயர்கள் கொண்டது, தெற்கே பெலோப்பொனீஸ் தீபகற்பத்தில் லூக்கு என்ற இடத்தில் அவருடைய மாளிகை இடிபாட்டில் கிடைத்ததும் இந்த மனிதரால்தான்.

மராத்தானின் குறையையும் சொல்லிவிடுகிறேன். சமவெளி முழுக்க வீடுகள், தோட்டங்கள், கோடைக் குடியிருப்புகள். படைகள் ஓடிய திசையை வெறுங்கண்ணால் பிடிப்பது கடினம்; வரைபடம் கையில் வேண்டும். சதுப்பு நிலத்தின் மிச்சத்தையும் கடற்கரையையும் பார்க்க ஸ்கினியாஸ் வரை போக வேண்டும். பைன் மரக்காடும் மணற்கரையும் அழகாக இருக்கும்; மதியச் சாப்பாட்டுக்கும் அதுவே நல்ல இடம். நேரம் மிஞ்சினால் வடக்கே ராம்னூஸ். பழிவாங்கும் தெய்வமான நெமெசிஸின் கோயில் அங்கே கடலைப் பார்த்தபடி இருக்கிறது. வெற்றி உறுதி என்று நம்பி நினைவுச்சின்னம் செதுக்க பாரசீகர்கள் கொண்டுவந்த பாரோஸ் பளிங்கில்தான் அந்தத் தெய்வத்தின் சிலையைச் செதுக்கினார்கள் என்று பௌசானியாஸ் ஒரு கதை சொல்கிறார். கதையை நம்பினாலும் நம்பாவிட்டாலும் ராம்னூஸின் அமைதிக்காகப் போகலாம். கூட்டமே இருக்காது.

ஓட்டப் பந்தயத்துக்காகவே மராத்தான் போகிறவர்களுக்கு ஒரு செய்தி. போர் முடிந்ததும் ஏதென்ஸுக்கு ஓடிவந்து வெற்றியைச் சொல்லி உயிர் விட்டவனின் கதை ஹெரோடோட்டஸிடம் இல்லை. அவர் சொல்லும் ஃபிலிப்பிடெஸ் போருக்கு முன்பே உதவி கேட்டு ஸ்பார்ட்டாவுக்கு ஓடியவர். உயிர் விட்ட கதை பல நூற்றாண்டு கழித்து வந்தது. 1896 ஒலிம்பிக்கில் ஸ்பிரிடோன் லூயிஸ் ஓடி வென்ற பாதை இந்த ஊரில்தான் தொடங்குகிறது. மராத்தோனாஸ் ஊரில் ஓட்டத்துக்கென்று தனி அருங்காட்சியகமும் உண்டு. நவம்பரில் ஏதென்ஸ் மராத்தான் நடக்கும் ஞாயிறன்று மட்டும் இந்தப் பக்கம் காரில் வர வேண்டாம், சாலையை அடைத்துவிடுவார்கள்.

தெர்மோபிலே

தூரம் சுமார் 200 கிலோமீட்டர். நல்ல நெடுஞ்சாலைதான், என்றாலும் போக இரண்டு, இரண்டரை மணி நேரம், வர அதே அளவு. ஒரு நாளில் ஐந்து மணி நேரம் காரிலேயே போய்விடும்.

கி.மு. 480இல் பாரசீகப் பேரரசர் செர்க்சஸின் பெரும்படையை ஸ்பார்ட்டா மன்னர் லியோனிடாஸ் இங்கே நிறுத்திவைத்தார். மலைக்கும் கடலுக்கும் நடுவே வழி மிகக் குறுகலாக இருந்தது. சில இடங்களில் ஒரு வண்டி போகும் அகலம்தான் என்கிறார் ஹெரோடோட்டஸ். இந்தக் களத்தின் பொருளே அந்தக் குறுக்கில்தான் இருக்கிறது. இன்றைக்கு அது இல்லை. ஸ்பெர்க்கியோஸ் ஆறு 2500 ஆண்டுகளாக வண்டல் கொட்டிக் கொட்டிக் கடலைப் பல கிலோமீட்டர் தள்ளிவிட்டது. அன்று மனிதர்கள் நின்ற தரையும் பல மீட்டர் ஆழத்தில் புதைந்துகிடக்கிறது. லியோனிடாஸ் சிலையடியில் நின்று பார்த்தால் ஒரு பக்கம் மலை, மறுபக்கம் விரிந்த வயல்வெளி, இடையே ஒரு சாலை. "இந்த இடத்தையா ஏழாயிரம் பேர் காத்தார்கள்?" என்ற கேள்விதான் எழும்.

'300' திரைப்படம் பார்த்த உற்சாகத்தில் வருகிறவர்கள் 1955இல் எழுப்பிய அந்தச் சிலையோடு படம் எடுத்துக்கொண்டு கால்மணி நேரத்தில் திரும்பிவிடுவதைப் பார்த்தால் வருத்தமாக இருக்கும். உண்மையான இடம் சாலைக்கு மறுபுறம் உள்ள சிறு குன்று. கொலோனோஸ் என்று பெயர். கடைசி நாளில் எஞ்சியவர்கள் பின்வாங்கி நின்று மடிந்தது அங்கேதான். 1939இல் மரினாட்டோஸ் தோண்டியபோது அம்பு முனைகள் குவியலாகக் கிடைத்து இடத்தை உறுதிசெய்தன. குன்றின் உச்சியில் கவிஞர் சிமோனிடஸின் இரட்டை வரி பொறித்த கல் பதித்திருக்கிறார்கள். ஏறுவது சிரமமே இல்லை. அங்கிருந்து மலையைப் பார்த்து, வயல் இருக்கும் இடத்தில் கடலைக் கற்பனை செய்துகொண்டால் ஓரளவு விளங்கும்.

இன்னொன்று. ஸ்பார்ட்டாவின் 300 பேரைத் தெரியாதவர் இல்லை. தெஸ்பியா என்ற சிற்றூரிலிருந்து வந்த 700 பேர் கடைசிவரை போக மறுத்து உடன் நின்று செத்தார்கள். ஒரு சின்ன ஊர் தன் ஆண்களில் 700 பேரை ஒரே காலையில் இழப்பது என்றால் என்னவென்று எண்ணிப்பாருங்கள். அவர்களுக்கு நினைவுச்சின்னம் வைக்க 1997 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. லியோனிடாஸ் சிலைக்குப் பக்கத்திலேயே அது இருக்கிறது. பலர் கவனிக்காமலே போய்விடுகிறார்கள்.

தெர்மோபிலேக்குப் பெரிய சறுக்கல் அருங்காட்சியகத்தில்தான். கொலோனோஸின் அம்பு முனைகளைப் பார்க்க ஏதென்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்துக்குத்தான் போக வேண்டும். களத்தருகே இருப்பது திரையும் விளக்கப்படமும் கொண்ட தகவல் மையம். லாமியா கோட்டைக்குள் உள்ள தொல்லியல் அருங்காட்சியகம் நல்லதுதான். ஆனால் அது அந்த வட்டாரம் முழுவதற்குமானது, இந்தப் போருக்கானது அல்ல.

அதனால்தான் பயண நிறுவனங்கள் தெர்மோபிலேயை, அப்பல்லோவின் குறிசொல்லும் கோயில் இருந்த டெல்ஃபியோடு சேர்த்து விற்கின்றன. பிராலோஸ் கணவாய் வழியாக டெல்ஃபிக்கு ஒன்றரை மணி நேரம். அங்கிருந்து ஏதென்ஸ் திரும்ப இரண்டரை. மொத்தத்தில் பன்னிரண்டு மணி நேர நாள். டெல்ஃபியில் தேரோட்டியின் வெண்கலச் சிலையும், மராத்தான் கொள்ளைப்பொருளில் கட்டியதாகப் பௌசானியாஸ் சொல்லும் ஏதென்ஸ் கருவூலமும் உள்ளன. ஆனால் அப்படிப் போனால் அது டெல்ஃபிப் பயணம்தான். தெர்மோபிலே அதில் வழியில் இறங்கி ஏறும் ஒரு நிறுத்தம். டெல்ஃபி எப்படியும் பார்க்க வேண்டிய பட்டியலில் இருந்தால் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். தெர்மோபிலேக்காக மட்டும் என்றால் வேண்டாம்.

பிளாட்டேயாவும் தீப்ஸும்

என் மனம் சாய்வது இந்தப் பக்கம்தான். கி.மு. 479இல், தெர்மோபிலேக்கு மறு ஆண்டு, பாரசீகப் படையெடுப்பு உண்மையில் முடிந்தது பிளாட்டேயாவில். அத்தனை பெரிய போரை இன்று தேடி வருகிறவர்கள் மிகக் குறைவு.

ஏதென்ஸிலிருந்து எலெஃப்சினா வழியாகப் பழைய தீப்ஸ் சாலையைப் பிடித்தால் கித்தைரோன் மலையின் கணவாயில் எலெஃப்தெரே கோட்டைச் சுவர்கள் வலப்பக்கக் குன்றின்மேல் தெரியும். மலையைத் தாண்டி எரித்ரெஸ் ஊரில் இறங்கினால் களம் முழுவதும் கண்முன். இதுதான் பிளாட்டேயாவின் பெரும்பலம். மராத்தானைப் போல வீடுகள் மூடவில்லை, தெர்மோபிலேயைப் போல வண்டல் மூடவில்லை. மலைச்சரிவு, மேடுபள்ளமான கோதுமை வயல்கள், தொலைவில் அசோபோஸ் ஓடை. கிரேக்கர்கள் ஏன் சரிவிலேயே ஒட்டிக்கொண்டார்கள், குதிரைப்படை வலுவாக இருந்த பாரசீகர்கள் ஏன் ஓடைக்கு அப்பால் சமதரையில் காத்திருந்தார்கள் என்பதை வழிகாட்டி கைநீட்டிக் காட்டினாலே போதும், புரிந்துவிடும்.

பல நாள் இரு தரப்பும் ஒருவரையொருவர் பார்த்தபடி நின்றார்கள். கிரேக்கர்களுக்கு நீர் கொடுத்த கார்காஃபியா ஊற்றைப் பாரசீகக் குதிரைப்படை கெடுத்துவிட, இரவோடிரவாக இடம் மாற முடிவாயிற்று. இருட்டில் அணிகள் சிதறின. விடிந்ததும் அதைப் பார்த்த பாரசீகத் தளபதி மார்தோனியஸ், எதிரி ஓடுகிறான் என்று நினைத்து ஓடையைத் தாண்டிப் பாய்ந்தார். அந்தப் பாய்ச்சலில் அவரும் உயிரிழந்தார், படையும் அழிந்தது. வென்ற ஸ்பார்ட்டத் தளபதியின் பெயரும் பௌசானியாஸ். முன்னே சொன்ன பயணி வேறு, இவர் வேறு.

நம்மை நிறுத்தி யோசிக்கவைக்கும் செய்தி ஒன்று ஹெரோடோட்டஸின் அணிவகுப்புப் பட்டியலில் இருக்கிறது. மார்தோனியஸ் தன்னோடு நிறுத்திக்கொண்ட படைகளில் இந்தியர்களும் உண்டு. பாக்திரியர்களுக்கு அடுத்து, ஹெர்மியோனே, எரெத்ரியா, ஸ்டிரா, கால்கிஸ் ஊர்க்காரர்களுக்கு எதிரே அவர்கள் நின்றார்கள். பருத்தி உடை, நாணல் வில், இரும்பு முனை வைத்த நாணல் அம்பு என்று அவர்களை வேறோர் இடத்தில் வருணிக்கிறார். பாரசீகப் பேரரசுக்கு உட்பட்ட சிந்து வட்டாரத்து மக்கள் அவர்கள், தமிழ்நாட்டோடு தொடர்பில்லை. ஆனாலும் சிந்து நதிக் கரையிலிருந்து நடந்துவந்து பிளாட்டேயா இருக்கும் பியோஷியா வட்டாரத்தின் ஒரு வயலில் மடிந்த மனிதர்கள் இருந்தார்கள் என்பது அந்தக் களத்தில் நிற்கையில் லேசில் விலகாத நினைப்பு.

குறை என்ன? பலகைகள் குறைவு, நுழைவாயில் இல்லை. பழைய ஊரின் மதில் அடித்தளம் வயல் நடுவே கிடக்கிறது. போரில் இறந்தவர்களின் கல்லறைகள் இன்று கண்ணுக்குத் தெரிவதில்லை. என் அளவுகோலில் பிளாட்டேயா தவறும் இடம் இதுதான். ஓட்டுநரை மட்டும் நம்பிப் போனால் வயலைப் பார்த்துவிட்டு வருவீர்கள். களத்தைப் படித்த வழிகாட்டி கூட வந்தே ஆக வேண்டும்.

அதை ஈடுகட்டுவது சுமார் 15 கிலோமீட்டர் வடக்கே உள்ள தீப்ஸ் அருங்காட்சியகம். பல ஆண்டு மூடியிருந்து, புதுப்பித்து 2016இல் திறந்தார்கள். ஏதென்ஸுக்கு வெளியே உள்ள அருங்காட்சியகங்களில் நான் முதல் வரிசையில் வைப்பது இது. பழைய அரண்மனையில் கிடைத்த லாப்பிஸ் லாசுலி என்ற நீலக்கல் உருளை முத்திரைகளில் பல மெசொப்பொத்தேமியாவிலிருந்து வந்தவை. தனக்ரா என்ற ஊரில் கிடைத்த, வெண்கலக் காலத்து மைசீனியச் சவப்பெட்டிகளில் தலையில் கைவைத்துப் புலம்பும் பெண்கள் வரிசையாகத் தீட்டப்பட்டிருக்கிறார்கள். ஒப்பாரி வைக்கும் அந்தக் கைகளைப் பார்த்தபின் காலம் எவ்வளவு என்ற கணக்கே மறந்துபோகும். போர்க்களம் தேடி வந்தவர்கள் தவறவிடக்கூடாதவை கறுப்பு நிறக் கல்லில் செய்த கல்லறைப் பலகைகள். ம்னாசோன், ரின்கோன் என்று பெயர் பொறித்து, பாயும் நிலையில் ஒவ்வொரு வீரன். கி.மு. 424இல் ஏதென்ஸுக்கு எதிராக நடந்த டெலியோன் போரில் இறந்தவர்கள் இவர்கள் என்று கருதப்படுகிறது. அதே போரில் மடிந்த தெஸ்பியர்களின் பொதுக்கல்லறைமேல் இருந்த சிங்கமும் இங்கேதான் இருக்கிறது. தெர்மோபிலேயில் 700 பேரை இழந்த அதே ஊர், இரண்டு தலைமுறை கழித்து மீண்டும்.

திரும்பும் வழியில் லெஃப்க்த்ரா கிராமத்தையும் பார்க்கலாம். கி.மு. 371இல் தீப்ஸ் தளபதி எபமினோண்டாஸ் ஸ்பார்ட்டாவை முறியடித்த இடம். செதுக்கிய கேடயங்கள் சூழ்ந்த வட்டமான வெற்றிச்சின்னத்தைத் திரும்பக் கட்டி நிறுத்தியிருக்கிறார்கள். அரைமணி நேரம் போதும்.

கைரோனியா

தூரம் சுமார் 130 கிலோமீட்டர். கி.மு. 338. மாசிடோனியாவின் மன்னர் ஃபிலிப், ஏதென்ஸ் – தீப்ஸ் கூட்டணியை உடைத்த போர். அவர் மகன், 18 வயது அலெக்சாண்டர், ஒரு சிறகை நடத்தினார். தீப்ஸின் புனிதப் படையணி, 300 பேர், நின்ற இடத்திலேயே மடிந்தது.

அளவுகோலில் மராத்தானுக்கு ஈடுகொடுக்கும் இடம் இது ஒன்றுதான். சாலையோரத்தில் சைப்ரஸ் மரங்களுக்கு நடுவே ஐந்து மீட்டருக்கும் மேலான ஒரு பளிங்குச் சிங்கம் உட்கார்ந்திருக்கிறது. உடைந்து மண்ணில் கிடந்ததை 1818இல் கண்டார்கள். துண்டுகளைச் சேர்த்து நிறுத்தியது 1902இல். அதன் வேலிக்குள் தோண்டியபோது வரிசையாகக் கிடத்திய 254 எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. புனிதப் படையணியினர் என்றே பெரும்பாலான ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். அவர்கள் மாண்டு கிடந்ததைப் பார்த்து ஃபிலிப்பே கண்ணீர் விட்டதாக எழுதிய புளூட்டார்க் இதே ஊர்க்காரர். சிங்கத்தின் பக்கத்திலேயே சிறு அருங்காட்சியகம். மாசிடோனியர்களின் பொதுக்கல்லறையில் கிடைத்த ஆயுதங்கள் அங்கே உள்ளன. இரு தரப்பு இறந்தவர்களையும் ஒரே முற்பகலில் சந்திக்க முடிகிற களம் வேறு எனக்குத் தெரியவில்லை. பக்கத்து ஓர்க்கொமெனோஸில் மைசீனியக் காலத்து மினியாஸ் கருவூலமும், அதன் எதிரே ஒன்பதாம் நூற்றாண்டுத் தேவாலயமும் கூடுதல் பரிசு.

பாரசீகப் போர்களில்தான் ஆர்வம் என்றால் கைரோனியா பொருந்தாது. அலெக்சாண்டர் கதையில் ஈடுபாடு உள்ளவர்கள் கண்ணை மூடிக்கொண்டு இதைத் தேர்ந்தெடுக்கலாம். தீப்ஸ் அருங்காட்சியகத்தையும் சேர்த்துக்கொண்டால் நாள் நிறைவாக இருக்கும்.

சலாமிஸ்

தனிக் காருக்குச் செலவழிக்க வேண்டிய இடம் இல்லை. கி.மு. 480இல் ஏதென்ஸ் தளபதி தெமிஸ்டோக்ளஸ் பாரசீகக் கப்பல்களை நெருக்கிய நீரிணையை, பெராமாவிலிருந்து பலூக்கியா போகும் படகில் கால்மணி நேரப் பயணத்தில் பார்த்துவிடலாம். சுற்றிலும் கப்பல் தளங்கள். தீவின் கினோசூரா முனையில் இறந்தவர்களின் மேடும் புதிய நினைவுச்சின்னமும் உண்டு. பிரேயஸ் தொல்லியல் அருங்காட்சியகத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்: போர்க்கப்பலின் முகப்பில் பதித்த பளிங்குக் கண்களும், 1959இல் சாக்கடை தோண்டும்போது கிடைத்த வெண்கல அப்பல்லோவும் அங்கே இருக்கின்றன. மெட்ரோவில் பிரேயஸ் போய் அரை நாளில் முடிக்கலாம்.

காரும் வழிகாட்டியும்

விலை கேட்கும் முன் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: வருவது ஓட்டுநர் மட்டுமா, உரிமம் பெற்ற வழிகாட்டியும் சேர்த்தா? கிரேக்கத்தில் தொல்லியல் இடங்களுக்குள்ளும் அருங்காட்சியகங்களுக்குள்ளும் விளக்கம் சொல்ல உரிமம் உள்ளவருக்குத்தான் அனுமதி. ஓட்டுநர் எவ்வளவு அறிந்தவராக இருந்தாலும் காரில் பேசுவார், வாசலில் நின்றுகொள்வார். விளம்பரங்களில் இது தெளிவாக இருக்காது; எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மராத்தானுக்கும் கைரோனியாவுக்கும் கொஞ்சம் படித்துவிட்டுப் போனால் ஓட்டுநர் மட்டும் போதும். பிளாட்டேயாவுக்கு வழிகாட்டி கட்டாயம். நான்கைந்து பேராகச் சேர்ந்து வேன் எடுத்தால் வழிகாட்டிச் செலவு தலைக்கு அவ்வளவு கனக்காது.

தாமே ஓட்ட நினைப்பவர்கள் இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் எடுத்துப்போக வேண்டும். அங்கே சாலையில் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். முதல் நாளே கித்தைரோன் மலை வளைவுகளில் பழக வேண்டாம்.

வெயில் காலத்தில் களத்தை முதலில் முடித்துவிட்டு உச்சி வேளையில் அருங்காட்சியகத்துக்குள் போங்கள். குளிர்காலத்தில் இதைத் திருப்பிப் போட வேண்டும். அருங்காட்சியகங்கள் பிற்பகலிலேயே மூடிவிடும். என்னைக் கேட்டால் ஏப்ரல். பியோஷியாவின் வயல்கள் பச்சையாக இருக்கும், ஓரங்களில் பாப்பிப் பூ சிவந்து கிடக்கும். நவம்பர் முதல் மார்ச் வரை மாதத்தின் முதல் ஞாயிறு அரசு அருங்காட்சியகங்களில் கட்டணம் இல்லை.

சைவம் சாப்பிடுகிறவர்கள் பயப்பட வேண்டாம். வேகவைத்து எலுமிச்சையும் ஒலிவ எண்ணெயும் ஊற்றிய கீரை, தக்காளியில் வேகவைத்த பெரிய வெள்ளை அவரை, எண்ணெயில் சமைத்த வெண்டைக்காய், பீன்ஸ் இவையெல்லாம் தவெர்னா எனப்படும் கிராமத்து உணவகங்களில் சாதாரணமாகக் கிடைக்கும். நோன்பு நாள் சாப்பாடு என்று கேட்டால் இறைச்சியும் பாலும் இல்லாததைக் காட்டுவார்கள்.

ஆக, முதல்முறை வருகிறவரும் குடும்பத்தோடு வருகிறவரும் மராத்தானுக்குப் போகட்டும். ஹெரோடோட்டஸைப் படித்தவர், நிலத்தைப் பார்த்துப் போரைப் புரிந்துகொள்ள விரும்புகிறவர், நல்ல வழிகாட்டியோடு பிளாட்டேயாவும் தீப்ஸும். சிங்கத்தின் முன்னால் நிற்க ஆசைப்படுகிறவர் கைரோனியா. மராத்தான், தீப்ஸ், பிரேயஸ் அருங்காட்சியகங்கள் செவ்வாய்க்கிழமை விடுமுறை விடும். வண்டியைப் பதிவுசெய்யும் முன் நாளைச் சரிபாருங்கள். செவ்வாய் ஒன்றுதான் கையில் இருக்கிறது என்றால், அன்றைக்கு மட்டும், தெர்மோபிலேயும் டெல்ஃபியும் சேர்ந்த அந்த நீண்ட பயணத்தை நானே பரிந்துரைப்பேன். கொலோனோஸ் குன்றில் ஏற அரைமணி நேரம் ஒதுக்கச் சொல்லி ஓட்டுநரிடம் காலையிலேயே பேசிவிடுங்கள்.